தாக், தாக்!

அன்பர்களே, பெஞ்சு மாஸ்டர் என்றோர் இனம் உண்டு. பிள்ளைகள் வியர்வை சிந்தும் இடத்திலெல்லாம், தேத்தண்ணிப் பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டபடி, அப்பன் என்ற பெயரில் உட்கார்ந்திருக்கும்.

ஈப்போ ஜிம்னாஸ்டிக்ஸ் மண்டபத்துக்கு வாய்த்தவர் தர்மேந்திரன். குனிந்து சப்பாத்துக் கயிறு கட்ட முடியாதவர். ஆனால் மகள் தினேஸ்வரி பீம் என்ற உள்ளங்கை அகலக் கட்டை மேல் கரணம் போடும்போது எந்த முட்டி எப்போது மடங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். எப்படி? பெஞ்சில் உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

பயிற்சியாளர் லாரிசா ரஷ்யக்காரர். சாம்பியனாக இருந்தவர், முட்டி உடைந்தது, சொல்லித்தர வந்துவிட்டார். தம்மைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவே. மிச்ச வாழ்க்கையை நம்மவர் எழுதினார்: பனிக்காட்டில் கரடி துரத்தித்தான் அந்தத் தாவல் வந்ததாம். அடுத்த வாரம் கரடி குட்டியோடு வந்தது.

மாநிலக் குழுத் தேர்வு நெருங்கியது. தினேஸ்வரிக்கு அதே கனவு, அதே பேச்சு. அவள் பீமில் ஏறினால் லாரிசா, "தாக், தாக்" என்பார்.

"கோச்சு மலாய் கத்துக்கிட்டாங்க லா! தாக்னா இல்ல, கூடாதுன்னு அர்த்தம். காலை மாத்துடி!" என்று பெஞ்சிலிருந்து கத்தினார் தர்மேந்திரன்.

மாற்றினாள். மறுபடி தாக். கையை மாற்றினாள். தேர்வு நாள் காலைப் பயிற்சியில் தொப்பென்று விழுந்து, எழுந்திருக்காமல் அழுதாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

லாரிசா ஓடிவந்து, தமக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டார். "நன்றாகத்தானே செய்தாய்? ஏன் மாற்றினாய்?"

"நீங்கதான தாக்னு சொன்னீங்க, கோச்?" என்றார் தர்மேந்திரன்.

"ஆமாம். எங்கள் மொழியில் தாக் என்றால், 'அப்படித்தான்!'"

தினேஸ்வரி கண்ணைத் துடைத்தாள்.

"அப்பா, நீங்க வெளியே இருங்கப்பா."

மதியத் தேர்வில் அவளுக்கு இடம் கிடைத்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற அப்பன் தேம்பித் தேம்பி அழுதார். அழுதபடியே, அவள் இறங்கிய விதம் ஏன் தப்பு என்று வாசலில் காவல் நின்ற ஜாகாவுக்கு விளக்கினார்.

மறுநாள் அவர் உள்ளே கால் வைத்ததும் லாரிசா கையை நீட்டித் தடுத்தார். "நியெத்!"

"ரஷ்ய பாஷை எல்லாமே தலைகீழ் லா," என்றார் தர்மேந்திரன், பக்கத்து அப்பன்களிடம். "நியெத்னா, 'வாங்க, உக்காருங்க!'" உட்கார்ந்துவிட்டார்.

சிரிக்கிறீர்களா? தெரிந்த ஒருவரின் முகம் ஞாபகத்துக்கு வருகிறதா? அவரும் இதைப் படித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு உங்கள் முகம்தான் வருகிறது.