பெஞ்சாகா பார்த்த பாதிப் படம்

என் பெயர் பரஞ்சோதி என்பது அலோர் ஸ்டாரில் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு நான் 'ஜாகா'. காவலாளியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். இருபத்திரண்டு வருஷமாக நெல் ஆலை வாசலில் நிற்கிறேன். என்னைக் கேட்காமல் ஒரு லாரி வெளியே போகாது. வீட்டில் என்னைக் கேட்டு எதுவுமே நடக்காது. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளப் போன வாரம் ஒரு வாய்ப்பு வந்தது.

மகள் கலைமகளுக்குப் பதினைந்து வயது. சனிக்கிழமை தோழிகளோடு சினிமாவுக்குப் போகவேண்டுமாம். பேய்ப்படமா என்றேன். பேய் இல்லைப்பா, மனசுக்குள்ளேயே வரும் பயம், அதுதான் கதை என்றாள். போஸ்டரில் 'பி12' என்று போட்டிருந்தது. பி என்றால் மலாயில் பெஞ்சாகா, பாதுகாவலர். பெஞ்சாகாவுக்குள்ளேயே ஒரு ஜாகா இருக்கிறான் பாருங்கள். விடுவேனா?

"முதல்ல நான் பார்ப்பேன். பிள்ளைங்களுக்கு ஏத்ததான்னு பெஞ்சாகா நான் சொன்னப்புறம்தான் டிக்கெட்," என்று அறிவித்தேன்.

பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத்தான் பெஞ்சாகா வேண்டும் என்று மகள் முனகினாள். என் மனைவி குணவதி வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல், அப்பா பார்க்கட்டும் விடு என்றாள். அவள் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை லீவு போட்டு மதியக் காட்சிக்குப் போனேன். படத்தில் ரத்தமும் இல்லை, கூச்சலும் இல்லை. ஒருவன் முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்க்கிறான். கண்ணாடிக்குள் இருப்பவன் இவனுக்கு முன்னாலேயே திரும்பிக்கொள்கிறான். அவ்வளவுதான். எனக்குத் திடீரென்று காரைப் பூட்டினேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. வெளியே போய்ப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கண்ணாடிக் காட்சியைச் சொல்லி, எனக்கு ஒன்றுமில்லை, பிள்ளைகள் மனசு தாங்காது என்று தீர்ப்புச் சொன்னேன். கலை கண் கலங்கி அறைக்குள் போய்விட்டாள். எனக்கே பாவமாக இருந்தது. இருந்தாலும் பதவி என்று ஒன்று இருக்கிறதல்லவா?

வெள்ளிக்கிழமை காலை கண்ணாடி பார்க்காமல் சவரம் செய்தேன். மீசையில் ஒரு பக்கம் போயே போய்விட்டது. அலமாரிக் கண்ணாடி மேல் கைலியைப் போர்த்தினேன். கேட்டதற்குத் தூசி என்றேன். காரைப் பின்னால் எடுக்கும்போது கண்ணாடியைப் பார்க்க மனம் வராமல் குணவதியின் கறிவேப்பிலைத் தொட்டியை இடித்தேன்.

அவள் திட்டவில்லை. கோப்பியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, அந்தக் கண்ணாடிக்குள்ள இருந்தவன் கடைசியில யாரு?"

"அது வந்து... கடைசியிலதான் தெரியும்."

"நீங்கதான் பார்த்தீங்களே."

"கார் பூட்டு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

முடிவு தெரியாததால்தான் இந்த நடுக்கம், தெரிந்துவிட்டால் சரியாகிவிடும் என்றாள். இன்னொரு தடவை போய்ப் பார்க்கிறீர்களா என்றும் கேட்டாள். நீ போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லேன்லா என்றேன். தனக்கு நேரமில்லை என்றாள். "வேற யாராச்சும் பார்த்துட்டு வந்து சொன்னாத்தான் உண்டு," என்று கோப்பியை நிதானமாக ஆற்றினாள்.

கலையின் அறைக் கதவை நானே போய்த் தட்டினேன். அவள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். டிக்கெட்டோடு சோளப்பொரியும் சேர்ந்த பிறகுதான் யோசித்து முடித்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடினேன்.

"சொல்லும்மா, யாரு அவன்?"

கலை வாயைத் திறந்தாள். அலமாரிக் கைலியை மடித்துக்கொண்டிருந்த குணவதி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"முதல்ல எங்கிட்ட சொல்லு, கலை. அப்பாவுக்கு ஏத்ததான்னு பெஞ்சாகா நான் கேட்டுட்டுச் சொல்றேன்."