றுகையாவின் கேற்றடி

அன்றைக்கும் றுகையா வீட்டு வாசல் கேற்றடிக்கு வந்ததும் பதியுதீனின் வலது கால் நடக்க மறுத்தது. இடுப்புக்குக் கீழே யாரோ ஈரத்துணியைப் பிழிவது போல வலித்தது. பள்ளிவாசலுக்கு இன்னும் பாதித் தூரம் கிடந்தது. றுகையா புருசனை இழந்தவள், வீட்டிலிருந்து துணி தைத்துப் பிழைப்பவள். அவளுடைய பின்வேலிக்கு அந்தப் பக்கம் பதியுதீனின் வீடுதான்; ஒழுங்கையால் வந்தால்தான் சுற்று. ஓர் ஆம்பிளை தினமும் நின்று இளைப்பாற அந்த ஒழுங்கையில் அதைவிடக் கெட்ட இடம் கிடையாது.

பதியுதீன் கல்முனை பசாரில் தண்ணிக்குழாய் விற்கிறவர். ஆகவே காலைக் காட்டப் போன இடத்தில் டொக்டர் படம் கீறிக் காட்டியதுமே அவருக்கு விளங்கிவிட்டது.

"அடிவயித்துல இருந்து காலுக்கு ரத்தம் கொண்டு போற நாடி அடைச்சிருக்கு. தொடையிடுக்கால பலூனை அனுப்பி விரிச்சு, ஸ்டென்ட் எண்டு ஒரு கம்பிவலைக் குழாய் வைக்கவேணும்."

"வெட்டி மாத்த மாட்டீங்களா? நாங்க அப்படித்தான் செய்ற."

"தேவையில்ல. அதுவரைக்கும் வலிக்கிற வரை நடங்க, நிண்டு ஆறுங்க, மறுகா நடங்க. சிகரட்டை விடுங்க."

சிகரட்டை அன்றே விட்டார். மனைவி முனவ்வறாவிடம் சொல்வதைத்தான் தள்ளிப்போட்டார். அவளுடைய வாப்பா கால் வருத்தம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர், மையித்தாகத்தான் வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி என்றாலே அழத் தொடங்கிவிடுவாள். அவளை அழவைக்க பதியுதீனுக்கு மனம் வரவில்லை. அவ்வளவு ஆசை அவருக்கு அவள் மேல்.

சும்மா நின்றால் சனம் சும்மா இருக்குமா? போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மறுநாளே றுகையாவின் எதிர்வீட்டு ஜுனைட் கேட்டான்.

"என்ன காக்கா, உள்ளுக்கு இரிக்கிற ஆளோட ரோட்டுல நிண்டா போன் கதைக்கிற?"

போனை விட்டார். வேலிக்கு மேலால் சாய்ந்திருந்த முருங்கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, கொஞ்சம் கீரை ஒடிக்கட்டா?"

"ஒடிங்க காக்கா," என்று உள்ளேயிருந்து றுகையாவின் குரல் வந்தது.

அந்தக் கிழமை முழுக்க வீட்டில் முருங்கைக்கீரைதான். முனவ்வறா ஒரு கேள்வி கேட்கவில்லை. வாங்கினாள், ஆய்ந்தாள், சமைத்தாள். சத்தம் போடுகிற மனிசி சத்தம் போடாமல் இருந்தால் புருசனுக்குச் சோறு இறங்குமா?

ஜுனைட் அடுத்த செய்தியோடு வந்தான்.

"காக்கா, கேற்றுக்கு அடியால ஒரு பொம்புளைட கால் தெரியுதாம். நீங்க வந்து நிண்டா வருதாம், நீங்க போனா போகுதாம்."

பதியுதீன் அதைக் கண்டதில்லை. அந்த நேரத்தில் தன் காலைத் தவிர வேறு காலை நினைக்க அவருக்கு ஏது தெம்பு? பதறிப்போய்ப் பாதையை மாற்றினார். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையால் போனார். கால் வழக்கமான தூரம்தான் நடந்தது. அது நின்ற இடம் கலியாணத் தரகர் அபுல் ஹஸனின் வாசல்.

"வாங்க, வாங்க. கூச்சப்படாமக் கதைங்க," என்றார் தரகர். "றுகையா நல்ல புள்ள. ஆனா வீட்டுல ஒரு சொல்லுச் சொல்லிரணும்."

"எனக்குக் கால் வலி, அபுல் ஹஸன்."

"இஞ்ச வாற எல்லாரும் முதல்ல ஒரு வலியத்தான் சொல்ற."

அந்தி மஃரிப் தொழுகைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. இனிப் பொறுக்க முடியாது என்று டொக்டரிடம் நாள் எடுத்தார்.

"கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போறன்," என்றார் முனவ்வறாவிடம்.

"பெய்த்து வாங்க."

அவ்வளவுதான். பையில் சாரன்களை மடித்து வைத்தாள். வாசலில் அவருடைய தலையில் கைவைத்து ஓதி ஊதினாள். துரோகம் செய்துவிட்டுப் போகிறவனைப் போல அவர் குனிந்தபடி பஸ் ஏறினார்.

கொழும்பில் விறைப்பு ஊசி போட்டு, தொடையிடுக்கால் கம்பியை விட்டார்கள். பதியுதீன் கலிமாவை ஓதிக்கொண்டே கிடந்தார். அடைப்பு விரிந்து ஸ்டென்ட் உட்கார்ந்தது. குளிர்ந்து கிடந்த பாதத்தில் சூடு ஏறியபோது அவருக்கு அழுகை வந்தது. அதைச் சொல்லப் பக்கத்தில் முனவ்வறா இல்லையே என்று இன்னும் கொஞ்சம் அழுதார்.

ஊர் திரும்பி, காயம் ஆறியதும் பள்ளிவாசல்வரை ஒரே மூச்சில் நடந்தார். அதுவும் வினையாகப் போனது.

"மாப்புள நடை நடக்கிறீங்க," என்றான் ஜுனைட். "நிகாஹ் கொழும்புலயா?"

பதியுதீன் தொழுகை முடிந்ததும் நேரே றுகையாவின் கேற்றைத் தட்டினார். கழுத்தில் அளவு நாடாவோடு அவள் வந்து திறந்தாள்.

"தங்கச்சி, என்னால உங்கட பேரும் கெட்டுப்பெய்த்து. மன்னிச்சுக்கங்க. கால் நாடி அடைச்சித்தான் இதுல நிண்ட நான். முனவ்வறாக்கு ஒண்டும் தெரியா. ஊர்க்கதையக் கேட்டு அவ என்னை அனுப்பிட்டா, எங்க போற நான்? வீடும் அவட சீதன வீடு. வீட்ட விடுங்க, அவ இல்லாம நான் என்ன செய்ற?"

றுகையா சிரித்துவிட்டாள்.

"நீங்க ஒரு இடமும் போகத் தேவல்ல காக்கா. காலு ஏலாம இதுல நீங்க நிண்ட நாளெல்லாம், விழுந்திருவீங்களோ எண்டு எங்கட பின்வேலிக் கடப்பால பூந்து ஓடி வந்து, கேற்றுக்கு உள்ளுக்கு நிண்டது முனவ்வறா ராத்தாதான்."