தார்ப்பாயின் மேல் ஒரு பழங்கடல்

படிக்கிற பையனிடம் எதை வேண்டுமானாலும் கேட்டு வாங்கிவிடலாம், "தெரியாது" என்ற ஒரு சொல்லைத் தவிர. நான் அப்போது முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் என்னிடம் அந்தச் சொல் அறவே கிடையாது.

என் ஆய்வு அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைகளைப் பற்றியது. டைனோசர் காலத்தில் அங்கே கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த பாறை, வெள்ளைச் சுண்ணாம்பு ஓர் அடுக்கு, சாம்பல் நிறக் களிமண் ஓர் அடுக்கு என்று மாறி மாறி இருக்கும். குறுவை அறுவடைக்கு ஊருக்கு வந்தபோது, வரிசைப்படி வெட்டியெடுத்த கற்களை இரண்டு சாக்கில் கட்டிக் கொண்டுவந்திருந்தேன். (கண்டக்டர் முறைத்துக்கொண்டே லக்கேஜ் டிக்கெட் போட்டார்.)

தாராசுரம் தாண்டி எங்கள் ஊர்ச் சாலை முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது. அப்பா கற்களைப் பார்த்துவிட்டு, இதில் என்ன படிப்பு என்று கேட்டார். அது போதாதா எனக்கு? பூமியின் அச்சு ஓயப்போகிற பம்பரம் மாதிரி தலையாட்டுகிறது, அதனால் ஏறக்குறைய இருபதாயிரம் வருஷத்துக்கு ஒரு சுற்று வெயிலும் மழையும் கூடிக் குறைகின்றன, மழை கூடினால் ஆறுகள் கடலில் சேற்றைக் கொட்டிக் களிமண் அடுக்கு படியும், குறைந்தால் சுண்ணாம்பு என்று பொரிந்து தள்ளினேன். அப்பா காதில் விழுந்தது ஒன்றுதான். பையனுக்கு மழைக்கணக்கு தெரியும்.

"அப்ப இன்னைக்கு மழை வருமா தம்பி?"

கண்ணைச் சுருக்கி வானத்தைப் பார்த்தேன். (எதைப் பார்த்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.) "வராதுப்பா" என்றேன்.

அப்பாவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பெருமை தாங்காமல் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். எதிர்வீட்டு செல்வராஜ் மாமா, கையில் எடுத்த தார்ப்பாயைத் திரும்ப மடித்து வைத்துவிட்டுத் தூங்கப் போனார்.

சாயங்காலக் காபி ஆறுவதற்குள் காற்று கிளம்பியது. பின்னாலேயே மழை. தெருவே சாலைக்கு ஓடியது. நெல் ஊறிவிட்டால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள், ஒரு போகத்து உழைப்பும் போச்சு. தார்ப்பாயை மூட மூடக் காற்று தூக்கியது. மேலே வைக்க இருந்த செங்கல் பத்தவில்லை. எங்களுடையது வண்டல் பூமி, வலைபோட்டுத் தேடினாலும் கல் கிடைக்காது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

சாக்கை நானேதான் அவிழ்த்தேன். எண் எழுதிய பைகளைக் கிழித்து, எங்கள் நெல்லுக்கும் மாமா நெல்லுக்கும் என் பழங்கடலைக் கண்டபடி வாரி வைத்தேன். அழுகை வந்தது. மழையில் யாருக்கும் தெரியவில்லை, அந்த மட்டுக்கும் மழை நல்லது செய்தது.

நெல் பெரும்பாலும் தப்பியது. மறுநாள் பார்த்தால் களிமண் கற்களெல்லாம் கரைந்து சாலையில் சேறாகக் கிடந்தன. சுண்ணாம்பு மட்டும் மிச்சம். அதைப் பார்த்த என் ஆய்வு வழிகாட்டி மேடம், "உங்க கடல்ல மழைக்காலமே வரலையா?" என்று கேட்டார். வந்ததால்தான் இந்தக் கதி. மறுபடியும் அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கத்துக்குப் போனேன். அப்பாவும் கூடவே வந்து சாக்கைத் தூக்கினார்.

இப்போது நான் பட்டம் வாங்கிய டாக்டர். மேகம் கறுத்தாலும் அம்மா துணியை எடுப்பதில்லை. "இன்னும் இருபதாயிரம் வருஷம் இருக்கே, காயட்டும்" என்று என்னைப் பார்ப்பார். செல்வராஜ் மாமா நெல்லைக் கொட்டியதும் எனக்குப் போன் போடுவார். நானும் திருந்திவிட்டேன், "தெரியாது மாமா" என்றுதான் சொல்கிறேன்.

அவர் விடுவதில்லை. "அதெல்லாம் வேணாம் தம்பி. வராதுன்னு ஒரு தடவ வாயால சொல்லுங்க, நான் தார்ப்பாயப் போட்டு மூடிடுறேன்."