ஓடிக்கொண்டிருந்ததைச் சரிசெய்தவர்

நம்மிடையே ஓர் இனம் உண்டு: கெடாத கணினியைச் சரிசெய்யும் இனம். எந்த வீட்டுக்குப் போனாலும், கொடுத்த தண்ணீரைக் குடிக்கும் முன்பே மவுஸைத் தொட்டு, சட்டை நுனியால் திரையைத் துடைத்து, உட்கார்ந்திருப்பவரைக் கண்ணாலேயே எழுப்பிவிட்டு, நாடி பிடித்த வைத்தியரைப் போல "ச்சு" என்பார்கள். எங்கள் மாமாவைச் சிறுவயதிலிருந்தே பார்க்கிறேன். அந்த "ச்சு" கேட்ட வீடு எதுவும் உருப்பட்டதில்லை.

போன மாதம் அது எங்கள் வீட்டில் கேட்டது. அக்கா கணினியில் வீட்டு வரைபடம் போட்டுக் கொடுத்துப் பிழைப்பவள். மதியத்துக்குள் ஒரு மாடி வீட்டுப் படத்தைக் கட்டடக்காரருக்கு அனுப்பியாக வேண்டும். படிக்கட்டு மட்டும் பாக்கி. மாமா அவளை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார்.

"கெர்னல் பழசும்மா. அதுதானே கணினிக்கு உயிரு? நீண்ட கால ஆதரவு உள்ளதா ஒண்ணு போட்டுடலாம், வருஷக்கணக்கா கவலையே இல்ல. கூடவே திரையில படம் காட்டற மென்பொருள், கிராபிக்ஸ் டிரைவர், அதையும் புதுசாப் போட்டுடலாம். படம் கண்ணாடி மாதிரி தெரியும்."

"இப்பவே நல்லாத்தான் தெரியுது மாமா. படிக்கட்டை முடிச்சுக்கறேனே?"

"அஞ்சு நிமிஷம். நீ போய் டீ போடு."

குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதால் அம்மா என்னைப் பார்த்தாள். நான் படித்தது பொருளாதாரம். படித்தவன் முகத்தை வைத்துக்கொள்வதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

மாமா புதியதை ஏற்றினார். அதோடு விடுவாரா? அது எழுந்து நிற்கிறதா என்று பார்ப்பதற்குள், "குப்பை எதுக்கு?" என்று பழைய கெர்னலை அழித்தார். புது வீட்டுச் சாவி கைக்கு வருமுன் பழைய வீட்டை இடிப்பதற்கு இந்த இனத்தில் சுத்தம் என்று பெயர். பிறகு கணினியை அணைத்து மறுபடி போட்டார்.

திரை கறுப்பு. புதுக் கெர்னலுக்கும் புது டிரைவருக்கும் ஒத்துப்போகவில்லை. திரும்பிப் போகலாம் என்றால் பழையது இல்லை.

"மாமா, என் படிக்கட்டு?"

"பத்திரமா உள்ளதான் இருக்கு. கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான். சாயங்காலம் வந்து முடிச்சுத் தரேன்."

மதியம் வந்தது. கட்டடக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்.

சிரிக்காதீர்கள். அடுத்தவர் திரையின் ஓரத்தில் "புதுப்பிக்கவும்" என்று ஓர் அறிவிப்பைக் கண்டால் உங்கள் விரல் அரிக்கிறதா? அரித்தால், நீங்களும் எங்களுக்கு மாமா முறைதான். வீட்டுக்கு வரும்போது கையைக் கட்டிக்கொண்டு வாருங்கள். வரும் வழியில் எங்கள் மாமாவைப் பார்த்தால் மறக்காமல் சொல்லுங்கள்: அந்தச் சாயங்காலம் இன்னும் பாக்கி.