முப்பத்தொன்றும் முப்பத்திநான்கும்

செல்வதாஸ் அந்தப் பக்கத்தை மூன்றாவது முறையாகப் படித்தான். மூன்று முறையும் அது ஒரே மாதிரிதான் இருந்தது.

‘இறுதி ஆட்டம், 1954. எஸ். செல்வதாஸ் – 34 புள்ளி.’

எஸ். செல்வதாஸ் என்பது அவனேதான். அந்த ஆட்டத்தில் இரண்டு தடவை பந்தைக் கூடைக்குள் போட்டதும், மூன்று தடவை பந்தோடு சேர்ந்து தானும் விழுந்ததும் அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இரண்டு கூடைக்கு நான்கு புள்ளி. மீதி முப்பது எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஊர் கிறிஸ்தவ சபையின் கூடைப்பந்துக் கழகத்துக்கு இது வெள்ளிவிழா வருஷம். கழகத்தின் ஈடு இணையற்ற ஆட்டக்காரர் என்று ஒருவர் பெயரைப் பலகையில் எழுதி மாட்ட வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்துவிட்டது. முடிவு செய்த அன்றே சண்டையும் ஆரம்பித்துவிட்டது. 1932 இறுதி ஆட்டத்தில் ஒற்றை ஆளாய் முப்பத்தொரு புள்ளி போட்ட முத்துநாயகத்துக்கு நிகர் இனிமேல் பிறக்கப்போவதில்லை என்றார்கள் பெரியவர்கள். இப்போது ஆடும் குமாரதாஸைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்றார்கள் வாலிபர்கள்.

“வாயால பேசினா முடியாது. நோட்டைப் பாத்து முடிவு பண்ணுவோம்” என்றார் கமிட்டிச் செயலாளர் ஞானையன் வாத்தியார்.

ஆட்ட நோட்டு கோயில் அலமாரியில், ஞானஸ்நான ரிஜிஸ்தருக்கும் கல்யாண ரிஜிஸ்தருக்கும் நடுவில் இருக்கும். ஆகவே அதில் எழுதியிருப்பதைச் சபையில் யாரும் சந்தேகப்பட்டது கிடையாது. மணவாளக்குறிச்சி மணல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருக்கும் செல்வதாஸுக்குக் கணக்கு நன்றாக வரும் என்று நோட்டைப் பார்க்கும் வேலையை அவன் தலையில் கட்டினார்கள். அவனும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டான். முத்துநாயகத்தின் மகள் நேசபாய் டீச்சரை அவனுக்குப் பெண் கேட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஞானையன் வாத்தியார் போவதாக இருந்தது. முத்துநாயகத்தின் பெயரைப் பலகையில் ஏற்றிவிட்டால் பெண் கிடைத்த மாதிரிதான் என்று கணக்குப் போட்டிருந்தான்.

இப்போது முத்துநாயகத்தை முந்தி நிற்பது அவன் பெயர்.

புதன்கிழமை பாட்டுப் பயிற்சி முடிந்து வெளியே வந்த நேசபாயைக் கோயில் வாசலில் பிடித்தான். மூன்று வருஷமாக ஆட்ட நோட்டு எழுதுவது அவள்தான். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று கழகம் கேட்டுக்கொண்டது.

“டீச்சர், நோட்டுல ஒரு தப்பு வந்திருக்கு.”

“நான் எழுதின நோட்டுலயா? இருக்காதே.”

“நான் போட்டது ரெண்டே ரெண்டு பந்து.”

“நீங்க ஓடிட்டுக் கெடந்திய. உக்காந்து பாத்தது நானில்லியா?”

“குமாரதாஸுக்கு நேரா ரெண்டு புள்ளிதான் இருக்கு!”

“அவரு ஆடினது எனக்கு அவ்வளவா கண்ணுல படல்ல” என்று சொல்லிவிட்டு, சிரிப்பைப் பாட்டுப் புத்தகத்தால் மறைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள்.

செல்வதாஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோயிலைத் தாண்டி இருபது அடி நடந்ததும் பயமும் தாங்கவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் டீச்சர் பெயர் கெட்டுப்போகும். அவள் பெயர் கெடக்கூடாது, தன் பெயர் பலகையில் ஏறவும் கூடாது. நேராக ஞானையன் வாத்தியார் வீட்டுக்குப் போனான்.

“சார், ஆட்ட நோட்டைப் பாக்க முடியல்ல. கரையான் அரிச்சிருக்கு.”

வாத்தியார் குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்தார். “கரையானா? கல்யாண ரிஜிஸ்தர் என்ன ஆச்சு?”

“அது... அதப் பாக்கல்ல சார்.”

“எலேய், முப்பது வருசத்துக் கல்யாணம் அதுல இருக்கு! எனக்க கல்யாணமும் அதுலதான் இருக்கு!”

அரை மணி நேரத்தில் கமிட்டி முழுவதும் அலமாரி முன்னால் கூடிவிட்டது. கல்யாணங்கள் பத்திரமாக இருந்தன. ஒரு கரையான்கூட இல்லை. ஆட்ட நோட்டும் முழுசாக இருந்ததைக் கண்டு மகிழ்ந்த வாத்தியார், அங்கேயே அதைத் திறந்து உரக்கப் படித்தார்.

“எஸ். செல்வதாஸ், முப்பத்திநாலு.”

எல்லாரும் செல்வதாஸைப் பார்த்தார்கள்.

“தன் பேரு இருக்குன்னு மறைக்கப் பாத்திருக்கான். என்ன அடக்கம் பாத்தியளா!” என்றார் வாத்தியார்.

அடக்கத்தைக் குமாரதாஸ் ரசிக்கவில்லை. மறுநாள் கம்பெனி வாசலிலேயே சட்டையைப் பிடித்துவிட்டான். “ஏலே மக்கா, அன்னைக்கு நான் போட்ட பந்து எல்லாம் எங்க போச்சுலே?”

“எனக்கும் தெரியாது மக்கா.”

“உனக்குத் தெரியாம முப்பது புள்ளி உன் பேருல ஏறுமோ?”

சனிக்கிழமை, குலசேகரத்தில் ரப்பர் வியாபாரத்தை முடித்துக்கொண்டு முத்துநாயகம் ஊருக்கு வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கியவர் வீட்டுக்குப் போகவில்லை, கமிட்டிக்குத்தான் வந்தார்.

“முப்பத்திநாலு பெருசா, முப்பத்தொண்ணு பெருசா? நான் கேக்கேன்! எங்க காலத்துப் பந்துக்கு மேல நாடா கட்டியிருக்கும். தட்டினா நேராப் போவாது. ஒரு பந்து உள்ள விழுந்தா, திரும்ப நடுவுல போய் ரெண்டு பேரு குதிக்கணும். பொறவுதான் ஆட்டம். இப்பம் உள்ள பயலுவ விழுந்த பந்த எடுத்துட்டு அப்பிடியே ஓடுதானுவ!”

“உங்க காலத்துல தடுக்க ஆளு இல்ல, அண்ணாச்சி” என்றான் குமாரதாஸ். “எல்லாவனும் குதிச்ச களைப்புல நிப்பான்.”

கூட்டம் இரண்டாகப் பிரிந்து கத்தியது. இதற்கு மேல் விட்டால் பெண் போய்விடும் என்று பயந்த செல்வதாஸ் எழுந்து நின்றான்.

“பாதி நேரம் குதிக்கதுலயே போயிருக்கு. அப்போ அந்தக் காலத்து ஒரு புள்ளி, இந்தக் காலத்து ரெண்டுக்குச் சமம். அண்ணாச்சிக்கு அறுபத்திரண்டுன்னு வச்சிருவோம்.”

முத்துநாயகத்தின் முகம் சிவந்தது. “எனக்குத் தர்மம் போடுதியா? நான் எறிஞ்சது முப்பத்தொண்ணு. அதுக்கு மேல ஒண்ணு கூட எனக்கு வேண்டாம்! திங்கக்கெழம சாயங்காலம் மைதானத்துக்கு வா. ஆளுக்குப் பத்துப் பந்து. பாத்திருவோம்.”

ஞானையன் வாத்தியார் செல்வதாஸை ஓரமாக அழைத்தார். “இந்த நெலமைல நான் நாளைக்குப் பொண்ணு கேக்கப் போனா, என்னையும் பத்துப் பந்து எறியச் சொல்லுவாரு. கொஞ்சம் பொறு.”

திங்கட்கிழமை மைதானத்தில் கிறிஸ்துமஸுக்குக் கூடுகிற அளவு கூட்டம். முத்துநாயகத்தின் மனைவி நேசம்மாள்கூட வந்து, மகளோடு பெஞ்சில் உட்கார்ந்து, தலையணை உறைக்குப் பூப் பின்னிக்கொண்டிருந்தாள்.

எப்படியும் தோற்றுவிடுவது என்று செல்வதாஸ் தீர்மானித்திருந்தான். அவர் எவ்வளவு போடுகிறாரோ அதைவிட ஒன்று குறைவாகப் போட்டால் போதும்.

முத்துநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எறிந்தார். முதல் பந்து வளையத்துக்குக் கீழே போனது. மூன்றாவது பலகைக்கு மேலே போனது. ஏழாவது மதிலைத் தாண்டிப் போய்விட்டதால் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. பத்தும் முடிந்தபோது ஒன்றுகூட விழவில்லை.

பூஜ்யத்தைவிட ஒன்று குறைவாகப் போடுவது எப்படி என்று செல்வதாஸுக்குத் தெரியவில்லை. அதனால் உண்மையாகவே முயன்று எறிந்தான். பத்தும் விழவில்லை.

“ஏலே, பத்துல ஒண்ணு போடத் தெரியாதவன் முப்பத்திநாலு போட்டானாம்!” என்று முத்துநாயகம் மூச்சிரைக்கக் கத்தினார். “இந்த நோட்டை எழுதினது எவன்?”

“நான்தான் எழுதினேன்” என்று செல்வதாஸ் முன்னால் வந்தான்.

“அவிய இல்ல, அப்பா.” நேசபாய் எழுந்து நின்றாள். “நான் எழுதினேன். அவிய நாலுதான் போட்டாவ.”

“ஏட்டி, பொய்யா எழுதின? எதுக்கு?”

நேசபாய் செல்வதாஸைப் பார்த்தாள். செல்வதாஸ் தரையைப் பார்த்தான். மைதானத்தில் இருந்த எல்லாருக்கும் புரிந்தது, குமாரதாஸ்கூட கோபத்தை விட்டுவிட்டுச் சிரித்தான். முத்துநாயகத்துக்கு மட்டும் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் இன்னும் சத்தமாகக் கத்தினார்.

“இவனுக்குப் பலகையும் கெடையாது, பொண்ணும் கெடையாது! அந்த நோட்டு வேதப்புஸ்தகம் மாதிரியாக்கும். எனக்க முப்பத்தொண்ண எழுதினது யாரு? ஏட்டி, இந்தச் சபைக்குப் போதகரா இருந்த உனக்க தாத்தா! எவன் மொகத்தையும் பாத்து ஒரு புள்ளி கூட்டி எழுதியிருப்பாவளா? அந்தக் காலத்து நேர்மை இந்தக் காலத்துல எவனுக்காவது உண்டுமா?”

நேசம்மாள் பின்னுவதை நிறுத்தாமல் சொன்னாள்:

“எங்க அப்பாவுக்கு அப்பவே கண்ணு சரியாத் தெரியாது. அவிய கையெழுத்து மட்டுந்தான் போட்டாவ. பக்கத்துல இருந்து நோட்டு எழுதினது நானாக்கும்.”