வெள்ளையணு வாத்தியாரின் தோள்

மதுரையில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அதை ஒரு யுத்தமாகப் பார்த்துக் கைதட்டிய ஒரே மனிதர் 'வெள்ளையணு'தான். எங்கள் பள்ளிக்கூடத்து உயிரியல் வாத்தியார். ரத்தத்து வெள்ளையணுக்களைப் பற்றி ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டார் என்பதால் பையன்கள் வைத்த பெயர். நாற்பத்தெட்டு வயதுப் பிரம்மச்சாரி. கோச்சடையில் ஒரு மாடியில் அவருக்கும் கணக்கு வாத்தியாரான எனக்கும் அடுத்தடுத்த அறை.

எழுபதுகளின் கடைசியில் அவருடைய வலது தோள் மக்கர் செய்தது. அடிபடவில்லை, விழவில்லை. ஆனாலும் கை இடுப்புக்கு மேலே ஏற மறுத்தது. கரும்பலகையின் அடியில் மட்டும் எழுதினார். கடைசி பெஞ்சு மொத்தமும் எழுந்து நின்று படித்தது. காலையில் சட்டை மாட்டிவிடுவது என் வேலை. "அம்மா!" என்று அலறுவார். அடுத்த நொடி கண் மின்னும்.

"மாப்ள, அடிபடாம எப்படிய்யா தோளு பூட்டும்? எவனோ உள்ளயிருந்து பூட்டுறான்!"

"எவன்ணே?"

"நம்ம படைதான்யா! கிருமியை அடிக்க வச்சிருக்க படை, தோளை எதிரின்னு நெனச்சு மொத்துது!"

ஆசிரியர் அறையில் சாக்பீஸ் துண்டுகளைப் படையாக அடுக்கி, டஸ்டரைத் தோளாக்கி, இடது கையால் போர் நடத்தினார். தமிழ் ஐயாவின் வேட்டியில் டீ கொட்டியதோடு போர் முடிந்தது. டாக்டர்கள் இரண்டு பேர் சிரித்து, தைலம் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அன்று அவர் சாப்பிடவில்லை.

"எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா மாப்ள?"

மறுநாள் லீவு போட்டு, வயதான ஒரு டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். வெள்ளையணு மூச்சுவிடாமல் யுத்தக் கதையைச் சொன்னார். நான் சுவரைப் பார்த்தேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"இருக்கலாம் சார். வெளிநாட்டுலயும் சில பேருக்கு அந்தச் சந்தேகம் உண்டு. ஆனா நிரூபணம் இல்ல. கையை மெல்ல அசைச்சுக்கிட்டே இருங்க. வருஷம் ஒண்ணு ரெண்டு ஆனாலும் பெரும்பாலும் விட்டுரும்."

பின்பாதி அவர் காதில் விழவேயில்லை. வாசலில் நின்ற ரிக்‌ஷாக்காரரைப் பிடித்து, "இருக்கலாம்னுட்டாருய்யா!" என்றார். டவுன் பஸ்ஸில் கண்டக்டரிடமும், "டாக்டரே சொல்லிட்டாரு, இருக்கலாமாம்!"

"ரொம்ப சந்தோஷம் சார். வீட்ல எத்தனாவது மாசம்?"

ஒன்றரை வருஷத்தில் தோள் தானாக இளகிவிட்டது. காரணம் அவர் சொன்ன படைதானா, எனக்குத் தெரியாது. அன்று பஸ்ஸில் அத்தனை பேரிடமும் அதையே சொல்லிக்கொண்டு வந்ததில் அவர் கோச்சடை நிறுத்தத்தைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். சொல்லவில்லை.