ஏழாம் படுக்கையின் நாடிக்கு நடந்த பேரம்

இதயத்தை அறுத்துத் தைத்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க ஊசி கண்டவர்கள், மூச்சு முட்டுகிறவனுக்கு மருந்துக் காற்றை ஊதி உயிர் மீட்டவர்கள், எல்லாரும் பெரியவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் மருத்துவத்தின் சிகரம் எது என்று என்னைக் கேட்டால், எங்கள் இதய வார்டு வாசலில் தொங்கிய மின்பலகைதான் என்று எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்வேன்.

அதன் பெருமையைச் சொல்கிறேன். எந்த நோயாளிக்கு எத்தனை மணிக்கு என்ன மருந்து என்று அதற்கு அத்துப்படி. அரை மணிக்குள் கொடுத்தால் பச்சை. கொடுக்காவிட்டால் சிவப்பு. ஏன் கொடுக்கவில்லை என்று அது கேட்காது. அப்படியெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் அதன் கௌரவம் என்னாவது? முந்நூற்று அறுபத்து நான்கு நாளாக ஒரு சிவப்புகூட விழவில்லை. இன்னும் ஒரே நாள் தாண்டினால் 'குறையில்லா வார்டு' என்ற பட்டயம். அதை வழங்க மூவர் குழு ஒன்று மறுநாள் காலை பதினோரு மணிக்கு வருவதாக ஏற்பாடு.

அந்தப் புனிதமான முந்நூற்று அறுபத்தைந்தாவது நாளில் ஏழாம் படுக்கையில் படுத்திருந்த பாவி நான்.

எனக்கு எட்டு மணிக்கு டிஜாக்சின் மாத்திரை. தளர்ந்த இதயத்தை அழுத்தமாகவும் நிதானமாகவும் துடிக்க வைக்கிற சரக்கு. உடம்பில் அளவு மிஞ்சிப்போனால் நிதானம் கூடிக்கூடி, ஒரேயடியாக நிதானமாகிவிடும்.

சிஸ்டர் வந்தார். அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு: மருந்தைக் கொடுப்பதற்கு முன்னால் நோயாளியைப் பார்ப்பார். எட்டாம் படுக்கைக்காரருக்கு வயிற்றில் ரத்தம் உறையாத ஊசி போட்டுவிட்டு, "தேய்க்காதீங்க, அந்த இடம் கருத்துப் போயிடும்" என்று அவர் கையைத் தட்டிவிடுவார். ஆறாம் படுக்கைக்காரர் இன்ஹேலர் இழுத்து முடித்ததும், "வாய் கொப்பளிச்சாத்தான் நான் நகருவேன், இல்லேன்னா நாக்கெல்லாம் புண்ணாகும்" என்று இடுப்பில் கைவைத்து நிற்பார். இதற்கெல்லாம் பலகையில் எந்த நிறமும் கிடையாது. ஆகவே வீண்வேலை என்பது நிரூபணமாகிறது.

என் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி முழுசாக ஒரு நிமிஷம் எண்ணினார்.

"நாப்பத்தெட்டு. அறுபதுக்குக் கீழ இருந்தா இந்த மாத்திரை கிடையாதுய்யா. டாக்டரைக் கேட்டுட்டுத்தான்."

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "எட்டாம் நம்பருக்கு ஊசி போட்டாச்சு, ஆறாம் நம்பருக்குக் காத்து குடுத்தாச்சு. எங்களுக்கு மட்டும் இல்லையா? நாங்க என்ன இளிச்சவாயங்களா?"

சிஸ்டர் டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர், பட்டயம் தர வரும் குழுவுக்கான வரவேற்புரை ஒத்திகையில் இருக்கிறாராம். அழைப்பு தானாகத் துண்டானது. பலகையில் என் எண் கண்சிமிட்ட ஆரம்பித்தது.

மூன்றே நிமிஷத்தில் தர மேம்பாட்டு அதிகாரி ஓடி வந்தார். வார்டில் அவருக்கு 'நூத்துக்கு நூறு' என்று பெயர். அவரைப் பார்த்ததும் என் மெய் சிலிர்த்தது. தலையைச் சுற்றி மஞ்சளாக ஓர் ஒளிவட்டம்! மகான்களை அடையாளம் காண எனக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. டியூப்லைட்டைச் சுற்றியும் அதே வட்டம் இருந்ததுதான் மனசை லேசாக உறுத்தியது.

"எவ்வளவு சிஸ்டர்?"

"நாப்பத்தெட்டு சார்."

"ஒரு அறுபத்தஞ்சு போட்டுக்கலாமே."

"இருக்கறது நாப்பத்தெட்டு சார்."

"சரி, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். அறுபத்திரண்டு."

"இது என்ன ஜவுளிக்கடையா?"

"கோச்சுக்காதீங்க. அறுபது. இதுக்கு மேல என்னால இறங்க முடியாது."

"சார் இவ்வளவு இறங்கி வர்றாரே, விட்டுக்குடும்மா" என்றாள் என் மனைவி.

சந்தையில் எத்தனையோ பேரம் பார்த்தவன் நான். ஆனால் சரக்கு மல்லாந்து படுத்துக் கேட்டுக்கொண்டிருக்க, அதன் தலைக்கு மேலே விலை பேசியது அன்றைக்குத்தான்.

"நீங்க எண்ணினது தப்பா இருக்கும், நான் பாக்குறேன்" என்று நூத்துக்கு நூறு என் மணிக்கட்டைப் பிடித்தார். கட்டை விரலை அழுத்தி வைத்துக் கண்ணை மூடி எண்ணினார். நிர்வாகமே நேரில் வந்து நாடி பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

"தொண்ணூத்திரண்டு!" என்று கூவினார். "நான் தொட்டதும் எப்படி ஏறிச்சு பாத்தீங்களா?"

"கட்டை விரலையா வெச்சீங்க?"

"ஆமா. ஏன்?"

"கட்டை விரலுக்குன்னு சொந்தமா ஒரு துடிப்பு உண்டு சார். நீங்க எண்ணினது உங்களோடது. தொண்ணூத்திரண்டு கொஞ்சம் ஜாஸ்திதான். இப்படி உக்காருங்க, பிரஷர் பாத்துடறேன்."

மணி எட்டு இருபத்தைந்து. அவர் உட்காரவில்லை. தட்டிலிருந்த மாத்திரைக் கிண்ணத்தை எடுத்து என் உதட்டருகே கொண்டு வந்தார்.

"ஐயா, வாயைத் திறங்க. நூறு பேரோட ஒரு வருஷ உழைப்பு உங்க வாயிலதான் இருக்கு."

இப்படி ஒரு பொறுப்பு என் வாய்க்கு வாழ்நாளில் வந்ததில்லை. திறந்தேன். குறுக்கே சிஸ்டரின் உள்ளங்கை வந்து நின்றது.

"ஐயா, ரெண்டே கேள்வி. சாப்பாடு இறங்குதா?"

"மூணு நாளா பார்த்தாலே குமட்டுதும்மா."

"கண்ணுக்கு எதுவாவது மஞ்சளாத் தெரியுதா?"

"சார் தலையைச் சுத்தித் தெரியுது. அது அவரோட மகிமை இல்லையா?"

"மகிமை இல்லய்யா, மருந்து. உடம்புல அளவு மிஞ்சி ஏறியிருக்கு. இன்னொண்ணு போட்டா இருக்கிற நாப்பத்தெட்டும் இருக்காது."

நாற்பது வருஷக் குடித்தனத்தில் என் மனைவி இவ்வளவு வேகமாகக் கட்சி மாறி நான் பார்த்ததில்லை. கிண்ணத்தைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "ஏன்யா, உங்க பலகையைப் பச்சையாக்க எங்க வீட்டுக்காரரை வெள்ளைத் துணியில சுத்தணுமா?"

எட்டரை. பலகை சிவந்தது. நூத்துக்கு நூறு இப்போதுதான் உட்கார்ந்தார்.

சிஸ்டர் ஆள் அனுப்பி, டாக்டரை ஒத்திகையின் பாதியிலேயே இழுத்து வந்தார். ரத்தம் எடுத்தார்கள். மருந்து இருக்க வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. அதன் விஷத்தை இன்னும் ஏற்றிவிடும்படி பொட்டாசியம் வேறு தரை தட்டியிருந்தது. "நல்லவேளை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மாத்திரையை நிறுத்தி எழுதிக் கொடுத்துவிட்டு, டாக்டர் மீதி ஒத்திகைக்குத் திரும்பினார். நான்கு நாளில் எனக்குப் பசி எடுத்தது. டியூப்லைட் வெறும் டியூப்லைட் ஆயிற்று.

நீதி தவறாத நிர்வாகம் சிஸ்டருக்கு ஒரு மெமோ கொடுத்தது: 'ஒரு வேளை மருந்தைத் தவறவிட்டு நிறுவனத்தின் ஓராண்டுச் சாதனைக்கு ஊறு விளைவித்தமைக்கு' விளக்கம் கோரி. அவரை வார்டில் வைத்திருப்பதா, கிடங்கில் பஞ்சு எண்ண அனுப்புவதா என்று தீர்மானிக்க நோயாளியின் வாக்குமூலம் தேவைப்பட்டது. நூத்துக்கு நூறு படிவத்தோடு வந்தார்.

"உள்ளதை உள்ளபடி எழுதுங்க ஐயா. நாங்க யாருக்கும் அநியாயம் பண்ண மாட்டோம்."

'மருந்து தரப்படாததால் ஏற்பட்ட விளைவு' என்று ஒரே கேள்வி. அதன் கீழே அவர்களே கருணையோடு மூன்று பதில்களை அச்சடித்திருந்தார்கள்: லேசான பாதிப்பு, நடுத்தரப் பாதிப்பு, கடுமையான பாதிப்பு. மூன்றையும் விட்டுவிட்டு ஓரத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'உயிரோடு இருக்கிறேன்.'

இரண்டு முறை வாசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இப்படியெல்லாம் எழுதினா கம்ப்யூட்டர் வாங்காதுங்க. மூணுல ஒண்ணு சொல்லுங்க."

"நான் பொழைச்சது அந்த மூணுல எதுல வரும், நீங்களே சொல்லுங்க."

அவர் நேர்மையானவர். மூன்று பதிலையும் விரலால் தொட்டுத் தொட்டு எடைபோட்டார். பிறகு என் கையிலிருந்த பேனாவை மெல்ல வாங்கி, 'கடுமையான பாதிப்பு' என்பதில் அழுத்தமாக ஒரு டிக் அடித்தார்.